மின்னாற்றலும் அண்ணல் அம்பேத்கரும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைக் குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். அண்ணலின் வரலாற்றை அறியாதார் நம்முள் யாருளர்? மகாத் குளமும், பூனா ஒப்பந்தமும், அரசியலமைப்பும், நாகபுரித் தீட்சையும் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நம் மேடைகளில் முழங்கப்படுகின்றன. நான்காம் வகுப்பு மாணவனும் அவற்றை வரிசை பிறழாமல் ஒப்புவிப்பான். ஆயினும் அவ்வரலாற்றில் 1942 முதல் 1946 வரையிலான நான்காண்டுகள் மட்டும் ஒரே வாக்கியத்தில் கடந்து விடுகின்றன. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் என்பதே அவ்வாக்கியம். அத்துறையின்கீழ்த் தொழிலாளர் நலன் மட்டுமன்றி, நீர்ப்பாசனம், மின்சாரம், சுரங்கம், பொதுப்பணி ஆகியனவும் அடங்கியிருந்தன என்பதை நம் இளைஞர் பலர் அறியார். இந்நாட்டின் மின்னாற்றல் யாருக்காக, யார் பொறுப்பில், என்ன விலையில் பிறக்க வேண்டும் என்னும் கேள்விகளை ஆட்சிப் பீடத்தில் அமர்ந்து எழுப்பியவர் அண்ணல் ஆவார். அந்நான்காண்டுகளையே நடுவாக வைத்து அவர் வாழ்க்கையை இங்கு எழுதப் புகுந்தோம்.

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைக்குடியிருப்பில், இராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதியரின் பதினான்காம் குழந்தையாகப் பிறந்தார். தந்தையார் படையில் சுபேதார் நிலையில் இருந்ததோடு, படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது இயல்பே. சாத்தாராவில் பள்ளியில் சேர்ந்த சிறுவன், பிற பிள்ளைகளைப் போலக் குடத்து நீரைத் தானே எடுத்துப் பருக இயலவில்லை. பள்ளிச் சேவகன் உயர இருந்து ஊற்றினால் நீர் உண்டு. சேவகன் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்புவதே வழக்கமாயிற்று.

பின்னர்க் குடும்பம் பம்பாய் சென்று பரேல் பகுதியில் ஓர் அறைக் குடியிருப்பில் தங்கியது. அடுப்பும், விறகும், படுக்கையும், புத்தகமும் எல்லாம் அவ்வோரறையிலேதான். மாலையில் மகனை விரைவில் உறங்கச் செய்து, இரவு இரண்டு மணிக்குத் தந்தையார் எழுப்பி விடுவார். கண்ணாடிச் சிமினியில்லாத மண்ணெண்ணெய் விளக்கின் ஆடும் சுடரில், விடியும் வரை அப்பிள்ளை படிக்கும். பம்பாய் நகரின் பெரிய வீதிகளில் மின்விளக்குகள் தோன்றிய காலம் அது. அறைக்குள்ளோ புகை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அந்நாளில் நம்மவரில் ஒரு பிள்ளை அத்தேர்வில் வெல்வது விழா எடுத்துக் கொண்டாடத்தக்க செய்தியாக இருந்தது. அவ்விழாவிலே கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார்.

1912-இல் பி.ஏ. பட்டம், 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம், 1916-இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளி. பரோடாவுக்குத் திரும்பிப் பணியேற்றபோது தங்க ஓர் அறை கிடைக்காமல் விரட்டப்பட்ட துன்பக் கதையை நம் வாசகர் அறிவர்; அதை ஈண்டு விரிக்கவில்லை. நம் பொருளுக்கு இன்றியமையாதது 1918-இல் அவர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. இந்தியாவில் நிலத்துண்டுகள் சிறுத்துப் போனமைக்கு யாது மருந்து என்பதே அதன் பொருள். துண்டு நிலங்களை ஒன்று சேர்த்தால் போதும் என்று அன்றைய அறிஞர் பலர் கூறினர். அண்ணல் அதனை மறுத்தார். நிலம் சிறிதாய் இருப்பது நோயன்று; நிலத்தை நம்பி வாழ்வோர் தொகை மிகுந்து, வேலையில்லா உழைப்பு மண்ணின்மேல் குவிந்து கிடப்பதே நோய்; அவ்வுழைப்பைத் தொழில்களுக்கு ஈர்த்தாலன்றி வேளாண்மையும் உய்யாது என்பது அவர் கண்ட முடிவு. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கால் நூற்றாண்டு கழித்து மின்சாரத்தைப் பற்றி அவர் பேசியவற்றுக்கெல்லாம் வேர் இக்கட்டுரையில் உள்ளது. நிலமில்லாக் கூலிகளாக ஊர்ப்புறத்தில் அடைபட்டுக் கிடந்தவர் யார் என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் பாரிஸ்டர் தகுதியுடன் திரும்பினார்; அவ்வாண்டிலேயே டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களுடன் இறங்கி ஒரு கை நீர் அருந்தினார். வட்டமேசை மாநாடுகளில் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாருடன் அமர்ந்து ஒடுக்கப்பட்டோர் உரிமைக்கு வாதிட்டார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1942 சூலையில் நாகபுரியில் அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு தோன்றியபோது, அதன் தலைவராகத் தமிழகத்தின் என். சிவராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதும் நாம் பெருமையுடன் நினைவிற் கொள்ளத்தக்கது. அதே மாதத்தில் அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார்.

பள்ளிக் குடத்து நீரைத் தொடவொண்ணாத பிள்ளை, ஐம்பத்தோராம் வயதில் இந்நாட்டின் பேராறுகளுக்குத் திட்டம் வகுக்கும் இடத்திற்கு வந்து சேர்ந்தார்.

பொறுப்பேற்றபோது உலகப் போர் உச்சத்தில் இருந்தது. இரயிலும், ஆலையும், மின்நிலையமும் ஓடுவதற்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியோ பீகாரிலும் வங்காளத்திலும் ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளின் சுரங்கங்களிலிருந்து வர வேண்டும். அங்கே உழைத்தோர் சந்தால் முதலிய பழங்குடியினரும், தீண்டாமைக்கு ஆளான சாதியினரும், நிலமிழந்த ஏழைகளும் ஆவர். ஆண் வெட்டிய கரியைக் கூடையில் சுமந்து மேலே கொணர்ந்தவர்கள் காமின்கள் எனப்பட்ட பெண் தொழிலாளர். நாட்டின் விளக்குகளும் எந்திரங்களும் இவர்தம் முதுகின்மேல் ஓடின என்றால் அது மிகையன்று. அண்ணல் 1943 டிசம்பரில் அந்நிலக்கரிப் பகுதிகளுக்கு நேரிற் சென்றார். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை நடப்பதைப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளுக்குள்ளும் சென்றார்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வது 1937-இல் முற்றிலும் தடை செய்யப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் ஆண் தொழிலாளர் கூடுதல் கூலி கிடைத்த படைக் கட்டுமான வேலைகளை நாடிப் போய்விட, கரி உற்பத்தி சரிந்தது. 1943-இல் அரசு அத்தடையைத் தளர்த்தியது. அத்துறையின் பொறுப்பாளர் அண்ணலே. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் இதனைக் கண்டித்து எழுந்த தீர்மானத்துக்கு விடையிறுத்தவரும் அவரே. இது நெருக்கடிக்கால ஏற்பாடு மட்டுமே, நிலைத்திருக்கப் போவதன்று, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது இதற்குரிய நிபந்தனை என்று அவர் வாதிட்டார். அவ்வாதம் அன்றும் எல்லோரையும் நிறைவு செய்யவில்லை. இன்று படிக்கும் நமக்கும் நெருடலாகவே இருக்கிறது. ஆயின் 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில், சுரங்கப் பெண்களுக்கான மகப்பேற்று உதவிச் சட்டம் அவர் முயற்சியால் திருத்தம் பெற்றது. அதனினும் முதன்மையானது 1944-இல் பிறந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி. சுரங்கத்திலிருந்து வெளியேறும் கரியின்மேல் ஒரு சிறு தீர்வை விதித்து, அப்பணத்தைத் தொழிலாளரின் வீடு, மருத்துவம், குடிநீர், கல்வி ஆகியவற்றுக்குச் செலவிடுவது அதன் ஏற்பாடு. கரியை எரிப்பவன், கரி வெட்டியவனின் நோய்க்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஒரு பங்கு தந்தாக வேண்டும் என்பது இதன் உட்பொருள். எரிபொருளின் விலைக்குள்ளேயே உழைத்தவன் நலனையும் சேர்த்துக் கணக்கிட்ட இம்முறையை நம் இளைஞர்கள், குறிப்பாகப் பொருளியல் படிப்போர், ஊன்றிக் கற்க வேண்டும். வாரத்துக்கு 54 மணியாக இருந்த ஆலை வேலை நேரம் 48 மணியாகக் குறைக்கப்பட்டதும் அவர் 1946-இல் கொணர்ந்த திருத்தத்தினாலேயே ஆகும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். அந்நாளில் மின்சாரம் என்பது பெருநகரங்களின் பண்டம். கம்பெனிகள் உரிமம் பெற்று, எங்கே இலாபம் மிகுமோ அங்கே கம்பி இழுத்தன. நம் சென்னை மாகாணம் ஓரளவு விதிவிலக்கு எனலாம். 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் என அரசே புனல்மின் நிலையங்களை அமைத்து வந்தது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1947-இல் கூட நிறுவப்பட்ட மின்திறன் ஏறத்தாழ 13 இலட்சத்து 62 ஆயிரம் கிலோவாட் அளவே. மின்சாரம் எட்டிய சிற்றூர்களோ ஆயிரத்தைந்நூறு அளவில்தான். ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட சிற்றூர்கள் கொண்ட நாட்டில் இது எத்துணைச் சிறிது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போருக்குப் பிந்தைய புனரமைப்புக்காக அமைந்த கொள்கைக் குழுக்களுள் நீர்ப்பாசனமும் மின்னாற்றலும் அண்ணல் தலைமையிலான குழுவின் பொறுப்பாயின. 1943 அக்டோபர் 25 அன்று அக்குழுவின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை, நம் கருத்தில், அவருடைய சமூக உரைகளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மாகாணங்களின் பிரதிநிதிகளும், சமஸ்தானங்களின் பிரதிநிதிகளும், மின்தொழில் முதலாளிகளும் அவையில் இருந்தனர். அவர்கள் முன்னே அவர் சில நேரான கேள்விகளை வைத்தார். மின்சாரம் தனியார் உடைமையாக இருக்க வேண்டுமா, அரசுடைமையாக இருக்க வேண்டுமா? தனியார் உடைமையாக விடுவதாயின் பொதுமக்கள் நலனைக் காக்க என்னென்ன நிபந்தனைகள் வேண்டும்? பொறுப்பு மத்திய அரசுக்கா, மாகாணங்களுக்கா? இவற்றைக் கேட்டதோடு நில்லாமல், மின்சாரம் எதற்கு என்ற அடிப்படைக் கேள்விக்கும் சென்றார். மின்னாற்றல் மலிவாகவும் நிறைவாகவும் கிடைத்தாலன்றித் தொழில்மயம் கைகூடாது. தொழில்மயமே ஏழை மக்களை, தலைமுறை தலைமுறையாகச் சுழலும் வறுமை வளையத்திலிருந்து வெளியேற்றும் வழி. ஆதலின் மின்சாரத் திட்டத்தின் வெற்றியை எத்தனை எந்திரங்கள் நிறுவப்பட்டன என்பதனால் அளப்பது பொருந்தாது. ஏழையின் வாழ்வு மாறிற்றா என்பதனால் அளக்க வேண்டும் என்பதே அவருரையின் சாரம் என நாம் கொள்கிறோம். 1918-இல் இளைஞராக எழுதியதை, 1943-இல் ஆட்சியாளராக நடைமுறைக்குக் கொணர முனைந்தார்.

பேச்சோடு அவர் அமையவில்லை. 1944-இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியமும், 1945-இல் மத்திய நீர்வழி, பாசன, போக்குவரத்து ஆணையமும் நிறுவப்பட்டன. பின்னதற்கு ஏ.என். கோஸ்லா என்னும் இந்தியப் பொறியாளர் தலைவரானார். இன்றுள்ள மத்திய மின்சார ஆணையத்துக்கும் மத்திய நீர் ஆணையத்துக்கும் இவையே முன்னோடிகள். பொறியியற் கல்லூரிகளில் இவற்றின் வரலாற்றைச் சொல்லும்போது அண்ணலின் பெயரைச் சொல்வார் அரியர்.

தாமோதர் ஆற்றின் கதை இதனினும் விரிவானது. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் பிறந்து, நிலக்கரிப் படுகையினூடே ஓடி, வங்காளச் சமவெளியில் இறங்கும் அவ்வாறு, வெள்ளத்தினால் வங்கத்தின் துயர் என்று பெயர் பெற்றது. 1943 சூலையில் பர்துவான் அருகே கரை உடைந்தது. பெருவழிச் சாலையும் இரயில் பாதையும் அறுபட்டு, கல்கத்தா நகரம் வடநாட்டோடு தொடர்பிழந்தது. பர்மாவிலே சப்பானியப் படை. வங்காளத்திலே இலட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சம். அதனோடு இவ்வெள்ளமும் சேர்ந்தது. வங்க அரசு அமைத்த விசாரணைக் குழுவில் இருந்த அறிவியலறிஞர் மேகநாத் சாகா, அமெரிக்காவின் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்ததைப் போன்ற ஓர் அமைப்பு வேண்டும் என வற்புறுத்தினார். அண்ணல் அதனை ஏற்றார். 1945 சனவரி 3 அன்று கல்கத்தாவில் வங்க, பீகார் அரசுகளின் பிரதிநிதிகளைக் கூட்டினார்; அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் கூட்டினார். கரையை உயர்த்தி வெள்ளத்தைத் தடுப்பதோடு நின்றுவிடலாகாது. அதே அணையிலிருந்து பாசனமும், மின்சாரமும், படகுப் போக்குவரத்தும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. டென்னசியில் பணியாற்றிய வூர்துயின் என்னும் பொறியாளர் எட்டு அணைகள் கொண்ட முதல் திட்டத்தை 1945-இல் வகுத்துத் தந்தார்.

ஒரு நெருடல் தொடக்கத்திலேயே எழுந்தது. அணைகள் நிற்கப்போவது பீகாரில். நீரில் மூழ்கப்போவதும் பீகாரின் ஊர்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்படுவதோ வங்காளம். நட்டம் ஒருவருக்கு, நன்மை மற்றொருவருக்கு என்றால் யார்தாம் இசைவர்? எரியாற்றல் திட்டங்கள் அனைத்திலும் இன்றளவும் தீராத கேள்வி இதுவே. பல நோக்குத் திட்டம் என்பது இக்கேள்விக்கு ஒரு விடையாகவும் அமைந்தது. மின்சாரம் இரு மாகாணங்களுக்கும் பொது. 1948-இல் நிறைவேறிய தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டத்தில், மின்சாரத்துக்கான முதலீட்டை மத்திய அரசும் இரு மாகாணங்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வகை செய்யப்பட்டது. வெள்ளத் தடுப்புக்கான செலவில் 14 கோடி ரூபாய் வரை மத்திய அரசும் மேற்கு வங்காளமும் சரிபாதியாக ஏற்க, அதற்கு மேற்பட்டதை மேற்கு வங்காளமே ஏற்க வேண்டும் எனக் கண்டது. பீகாரின் தலையில் வெள்ளத் தடுப்புச் செலவு விழவில்லை. பயன் பெறுவோன் செலவை ஏற்க வேண்டும் என்ற நியாயத்தின் நல்ல எடுத்துக்காட்டு இது. ஆயின் அரசுக்கும் அரசுக்கும் இடையே கணக்கு நேர் செய்யப்பட்டதேயன்றி, மூழ்கிய ஊர்களின் குடிசைக்காரனுக்கும் நகரத்தில் விளக்கெரிப்பவனுக்கும் இடையிலான கணக்கு அவ்வாறு நேர் செய்யப்படவில்லை.

1945 நவம்பர் 8 அன்று கட்டக் நகரில் மகாநதியைப் பற்றிக் கூடிய மாநாட்டிலும் அண்ணல் தலைமை வகித்தார். ஒரிசாவின் வெள்ளத்தை ஆராய்ந்த முந்தைய குழுக்கள் எல்லாம், மிகுநீரை எவ்வாறு கடலுக்கு விரட்டுவது என்றே எண்ணின. அண்ணலோ நீர் மிகுந்திருப்பதனால் தீங்கில்லை, மக்கள் துன்புறுவது நீர் இல்லாமையால்தான். ஆதலின் நீரைத் தேக்கி வைத்துப் பயன் கொள்வதே அறிவுடைமை என்று எடுத்துரைத்தார். குளத்து நீருக்காக மகாத்தில் போராடியவரல்லவா! நீரைச் செல்வமாகக் காணும் கண் அவருக்கு வாய்த்ததில் வியப்பில்லை. 1946 மார்ச்சில் ஹிராகுட் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இந்நான்காண்டுகளில் நம் சமூகத்துக்கென அவர் பெற்றுத் தந்தவற்றையும் ஒருசேர நினைக்க வேண்டும். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு எட்டே மூன்றிலொரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1944-இல் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை தொடங்கியது. நம் சங்கத்தின் விடுதியிலிருந்து கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் பலர் இன்றும் பெறும் உதவித்தொகையின் மூலம் அதுவே. அணையும் மின்நிலையமும் வந்தால், அவற்றை இயக்கும் பொறியாளர் நாற்காலியில் நம் பிள்ளையும் அமர வேண்டுமல்லவா? படிப்பின்றி அது எங்ஙனம் இயலும்? கரி சுமக்கும் வேலை மட்டுமே நமக்கு, கணக்குப் பார்க்கும் வேலை பிறர்க்கு என்றிருந்தால், மின்சாரம் வந்தும் பழைய கதையே தொடரும். 1944 செப்டம்பரில் அவர் சென்னைக்கு வந்திருந்தபோது அவரைக் கண்ட நம் முன்னோர், ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்த நம்மவரைப் பார்த்தோம் என்று ஆயுள் முழுவதும் சொல்லி மகிழ்ந்தனர்.

1946-இல் நிர்வாகக் குழு கலைந்தது. 1947 மார்ச்சில் கூட்டமைப்பின் சார்பில் அவர் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் அறிக்கையில், முதன்மைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும், வேளாண்மையும் அரசுத் தொழிலாக வேண்டும், நிலம் சாதி வேறுபாடின்றிக் குடிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று கேட்டார். இவற்றை ஆட்சிக்கு வரும் கட்சியின் விருப்பத்துக்கு விடாமல், அரசியலமைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதே அவர் கோரியது. அது நிறைவேறவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அமைச்சரவையில் அவருக்குச் சட்டத்துறை கிடைத்தது. மின்சாரமும் அணைகளும் வேறு அமைச்சரின் பொறுப்பாயின. திட்டத்துறை தமக்குத் தரப்படும் என்று பிரதமர் கூறியிருந்தும் அது தரப்படவில்லை என 1951-இல் பதவி விலகியபோது அவர் குறைப்பட்டுக் கொண்டார். அவருடைய விலகலுக்கு இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவே காரணம் என்று மட்டும் நாம் பேசி வருகிறோம். திட்டத்துறையைப் பற்றிய மனக்குறையும் அவ்வறிக்கையில் உண்டு. பொருளாதாரத்தில் இரு பெரும் பல்கலைக்கழகங்களின் முனைவரும், நாட்டின் மின்னாற்றலுக்கு அடித்தளம் இட்டவருமான ஒருவர் திட்டமிடும் அவையில் இல்லாமற் போனது, யாருடைய இழப்பு என்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார்.

அவர் விதைத்தவை அவருக்குப் பின் விளைந்தன. தாமோதர் பள்ளத்தாக்கில் எட்டு அணைகளுக்குப் பதில் முதற்கண் நான்கே எழுந்தன: திலையா 1953-இல், கோனார் 1955-இல், மைத்தான் 1957-இல், பஞ்சேத் 1959-இல். ஹிராகுட் 1957-இல் திறக்கப்பட்டது; அதன் நீர்ப்பரப்பில் இருநூறுக்கு மேற்பட்ட ஊர்கள் மூழ்கின. நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவனுக்கு ஏதோ இழப்பீடு கிட்டியது. பட்டாவில்லாக் கூலிக்கும், காட்டை நம்பிய பழங்குடிக்கும் கிட்டியது அற்பமே. பெயர்ந்தோர் பலரின் குடியிருப்புகளுக்கு நெடுங்காலம் அவ்வணைகளின் மின்சாரம் எட்டவில்லை.

பஞ்சேத் அணையின் திறப்பு விழா 1959 டிசம்பர் 6 அன்று நடைபெற்றது. அண்ணல் மறைந்து சரியாக மூன்றாண்டு நிறைந்த நாள் அது. பிரதமர் நேரு, அணை கட்டிய உழைப்பாளிகளுள் ஒருவரான இளம் சந்தால் பெண்ணை அழைத்து, அவர் கையாலேயே விசையை அழுத்தச் செய்தார். நல்ல எண்ணத்துடன் செய்யப்பட்ட செயல் அது. ஆயின் விழாவில் பிரதமருக்கு மாலை அணிவித்தமையால், அவரை மணந்ததாகும் என்று கூறி அவருடைய ஊரார் அப்பெண்ணை ஒதுக்கி வைத்தனர். சில ஆண்டுகளில் அவருடைய வேலையும் பறிபோயிற்று. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே மீண்டும் வேலை கிடைத்தது. விசையை அழுத்திய கைக்கும் விளக்கின் ஒளிக்கும் இடையே இத்துணைத் தொலைவு இருந்தது. அண்ணல் உயிரோடிருந்து திட்டத்துறையிலும் அமர்ந்திருந்தால் இத்தொலைவு குறைந்திருக்குமா? நிலக்கரித் தொழிலாளர்க்கு நல நிதி கண்டவர், நிலமிழந்தோர்க்கும் மின்கட்டணத்தில் ஒரு பங்கு கண்டிருப்பார் என்றே நம் உள்ளம் சொல்கிறது.

1948-இல் வந்த மின்சார வழங்கல் சட்டம், மாநிலந்தோறும் மின்வாரியம் அமைய வழி செய்தது. அண்ணல் தலைமையில் நடந்த விவாதங்களின் தொடர்ச்சியே அச்சட்டம் எனலாம். நம் மாநிலத்தில் 1957-இல் மின்வாரியம் அமைந்து, ஊர்தோறும் கம்பம் நடப்பட்டது. இதில் தமிழகம் பிற மாநிலங்களை விட முன்னின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர் என்று அரசு எதைக் கணக்கிட்டது? 1997 வரை, வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்கேனும் ஓரிடத்தில், எப்பயனுக்கேனும் மின்சாரம் பயன்பட்டால், அக்கிராமம் மின்சாரம் பெற்ற கிராமமே. வயற்காட்டில் ஒரு பம்புசெட்டு ஓடினாலே போதும். நாம் ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில் நம் கிராமம் அக்கணக்கில் மின்சாரம் பெற்ற கிராமந்தான். ஊர்த்தெருவில் டியூப்லைட் எரிந்தது. கிணற்றில் மோட்டார் ஓடியது. கடைசிக் கம்பம் காலனிக்கு முன்னூறு அடி இப்பால் நின்றுவிட்டது. நாமும் நம் தமக்கையும் படித்தது சிம்னி விளக்கில். மண்ணெண்ணெய் தீர்ந்த நாளில் அக்கம்பத்தின் அடியில் போய்ப் படிக்க முயன்று, வசைச் சொல் கேட்டுத் திரும்பியதும் உண்டு. பின்னர் வந்த இலவசப் பம்புசெட்டு மின்சாரமும், கிணறும் நிலமும் உடையவனுக்கே பயன்பட்டது. நிலமில்லாத நம் தந்தையார்க்கு அதனால் நேர்ந்தது யாதுமில்லை. குடிசைக்கு ஒரு விளக்கு என்னும் இலவச இணைப்பு வந்த பிறகே நம் வீட்டில் பல்பு எரிந்தது. அன்றிரவு அன்னையார் அதனை அணைக்கவே விடவில்லை.

2004-இல் மத்திய அரசு அந்த இலக்கணத்தை மாற்றியது. புதிய இலக்கணப்படி, ஒரு கிராமம் மின்சாரம் பெற்றதாகக் கொள்ளப்பட வேண்டுமாயின், குடியிருப்புப் பகுதியில் மின்மாற்றியும் மின்கம்பியும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம் முதலிய பொது இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து வீடுகளேனும் இணைப்புப் பெற்றிருக்க வேண்டும். அவற்றோடு, அவ்வூரில் தலித் குடியிருப்பு இருக்குமானால் அங்கும் மின்மாற்றியும் கம்பியும் சென்றிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே அவ்விலக்கணத்தில் எழுதப்பட்டது. அண்ணல் 1943-இல் கொள்கைக் குழுவில் உரையாற்றி அறுபத்தோராண்டுகள் கழிந்த பின்னர், சேரிக்குக் கம்பி சென்றால்தான் ஊருக்குக் கம்பி சென்றதாகப் பொருள் என்பது அரசுத் தாளில் ஏறியது.